சர்க்கரையில் முளைத்த ஆர்க்கிட்

காட்லியா ஆர்க்கிடின் முற்றிய காய் ஒன்றில் லட்சக்கணக்கில் விதை இருக்கும். மூச்சுக்காற்று பட்டாலே பறந்துவிடுகிற தூள். நெல்லும் அவரையும் வேர் பிடிக்கும்வரை தாங்குகிற மாதிரி கட்டுச்சோற்றோடு தாயைவிட்டுப் புறப்படுகின்றன. ஆர்க்கிட் விதை வெறுங்கையோடு கிளம்புகிறது. மெல்லிய உறைக்குள் கொஞ்சம் உயிரணுக்கள், அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் செல்வந்தர்களுக்கு வெப்பமண்டல ஆர்க்கிட் பித்து பிடித்திருந்தது. தென்னமெரிக்காவில் மரத்தோடு வெட்டிச் சாய்த்து, கிளைகளில் ஒட்டியிருந்த செடிகளைப் பிய்த்தெடுத்துக் கப்பலேற்றினார்கள். விதை போட்டு வளர்க்கத் தெரிந்திருந்தால் அந்தக் கொள்ளை கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1849இல் டப்ளினின் கிளாஸ்னெவின் தோட்டத்தில் இருந்த டேவிட் மூர், விதையிலிருந்து நாற்று வளர்த்த அனுபவத்தை எழுதினார். எக்ஸெட்டரில் வீச் நர்சரியின் ஜான் டொமினி இரண்டு கலாந்தி இனங்களைக் கலந்து, 1856இல் பூக்கவே வைத்துவிட்டார். ஆனாலும் கைவசம் இருந்த ரகசியம் ஒன்றுதான்: தாய்ச்செடியின் தொட்டியில், அதன் வேரடியிலேயே விதையைத் தூவ வேண்டும். அப்படியும் முளைத்தால் உண்டு. ஏன் அங்கே மட்டும் என்று கேட்டால் பதில் கிடையாது.

பதில் 1899இல் பிரான்சில் கிடைத்தது. மெலூனில் ராணுவச் சேவையில் இருந்த இளம் தாவரவியலாளர் நோயல் பெர்னார், ஃபோன்டேன்ப்ளோ காட்டில் நியோட்டியா என்னும் பச்சையமில்லாத ஆர்க்கிடைப் பார்த்தார். சருகுக்கடியில் புதைந்து கிடந்த அதன் காய்களுக்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. முளைத்தவை எல்லாவற்றிலும் பூஞ்சை இழை ஊடுருவியிருந்தது. தாய்ச்செடியின் வேரடியில் இருந்ததும் பூஞ்சைதான். அடுத்த சில ஆண்டுகளில் வேரிலிருந்து அதைப் பிரித்து வளர்த்து, காட்லியா போன்ற வெப்பமண்டல இனங்களின் விதையோடு சேர்த்து முளைக்க வைத்தார். 1911இல், 36 வயதில் இறந்துபோனார்.

பூஞ்சை வேண்டும் என்பதோடு பலர் நின்றுவிட்டார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்சன், அது விதைக்கு எதைக் கொடுக்கிறது என்று கேட்டார். செடிகளுக்குச் சர்க்கரை ஊட்டி ஏற்கெனவே ஆராய்ந்தவர் அவர். பூஞ்சையால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க முடியும். அப்படியானால் சர்க்கரையை நேரடியாகவே கொடுத்தால் என்ன?

1922இல் முடிவை வெளியிட்டார். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சர்க்கரை, 1 கிராம் கால்சியம் நைட்ரேட், இன்னும் சில உப்புகள், கெட்டிப்பட அகர். நம் ஊர் நோன்புக்கால அடுப்படிகளில் பாலோடு காய்ச்சி உறையவிடுகிற கடல்பாசியேதான் இந்த அகர். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சர்க்கரை வைத்த இடத்துக்கு ஆர்க்கிட் மட்டுமா வரும்? காற்றில் மிதக்கும் ஒரே ஒரு பூசண வித்து விழுந்தாலும் சில நாளில் குப்பி முழுக்கப் பஞ்சு பூத்துவிடும். அதனால் கூழையும் குப்பியையும் நீராவியில் வேகவைத்தார்கள். விதையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் அலசினார்கள். விதை முதலில் உப்பிப் பச்சை உருண்டையாகும், பிறகு இலை, அப்புறம்தான் வேர். குப்பிக்குள் பல மாதம். வெளியே வந்த காட்லியா பூக்க மேலும் சில ஆண்டுகள்.

பூஞ்சைக் கட்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முளைக்கலாம், பூக்குமா என்றார்கள். நட்சன் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. கிருமியில்லாத கலத்திலேயே லேலியோகாட்லியா என்னும் கலப்பின ஆர்க்கிட் ஒன்றை வளர்த்துப் பூக்க வைத்து, 1930இல் அதையும் அச்சிட்டார். இதைவிட நல்ல மறுப்புரை எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்குள் குப்பி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே தாவரவியல் பூங்காவின் எரிக் ஹோல்ட்டம் இதே முறையில் கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கினார். அவற்றில் முதலாவதான ஸ்பேத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ் 1931இல் பூத்தது. பணக்காரர் வீட்டுக் கண்ணாடிக் கூடத்துப் பூ, பூங்கொத்துக் கடைக்கு வந்த பாதையில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

பெர்னாரின் பூஞ்சைக்கு வேலை போய்விடவில்லை. காட்டில் சர்க்கரைக் கூழ் ஏது? அழிந்துவரும் ஆர்க்கிட்களை, முக்கியமாகத் தரையில் வளர்பவற்றை, மறுபடி காட்டில் நட நினைப்பவர்கள் அந்தந்த இனத்துக்கு ஒத்துப்போகிற பூஞ்சையைத் தேடிப் பிரித்து, அதோடு சேர்த்துத்தான் பல இடங்களில் விதைக்கிறார்கள்.