பெருவிழுங்கிப் புரதங்கள்

பெருவிழுங்கிப் புரதங்கள் என்பன மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கி உயிரணுக்கள் உருவாக்கும் புரதங்கள் ஆகும். பெருவிழுங்கிகள் உடலினுள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் வெள்ளையணுக்கள். விழுங்கும் செயலை 1882இல் கண்டறிந்த இலியா மெச்னிக்காவ் 1908இல் நோபல் பரிசு பெற்றார். இப்புரதங்கள் நோயெதிர்ப்புக்கு இன்றியமையாதவை. அளவு மீறினால் அழற்சி நோய்களுக்கும் காரணமாகின்றன.

முதன்மையான புரதங்கள்

* கட்டி நசிவுக் காரணி (டி.என்.எஃப்.) - பிற வெள்ளையணுக்களைத் தொற்று நேர்ந்த இடத்திற்கு ஈர்க்கிறது. 1975இல் பெயரிடப்பட்டது.
* இன்டர்லியூக்கின்-1 - காய்ச்சலைத் தூண்டுகிறது.
* இன்டர்லியூக்கின்-6 - கல்லீரலைச் சி.ஆர்.பி. புரதத்தைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் இதன் அளவைக் கொண்டு அழற்சி அறியப்படுகிறது.
* இன்டர்லியூக்கின்-12 - டி அணுக்களைத் தூண்டுகிறது. அவை வெளியிடும் இன்டர்ஃபெரான்-காமா பெருவிழுங்கிகளை மேலும் வலுப்படுத்துகிறது.
* என்ராம்ப்-1 - கிருமி அடைபட்ட பையிலிருந்து இரும்பு, மாங்கனீசு அயனிகளை வெளியேற்றி, கிருமி வளர்வதைத் தடுக்கிறது.

காச நோயில் பங்கு

காச நோய்க் கிருமி பெருவிழுங்கிகளுக்குள்ளேயே உயிர்வாழ வல்லது. பெருவிழுங்கிகளும் டி அணுக்களும் திரண்டு அதனைச் சுற்றிக் கிரானுலோமா என்னும் முடிச்சை அமைக்கின்றன. இம்முடிச்சு குலையாதிருக்க டி.என்.எஃப். தேவை. இவ்வாறு கிருமி அடங்கியிருக்கும் நிலை உள்ளுறை தொற்று எனப்படும். 2019-21இல் நடந்த தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் இத்தொற்று உடையவர்கள்.

திருவள்ளூர் ஆய்வு

சென்னைக்கு மேற்கே, ஆவடி, பூந்தமல்லிக்கு அப்பால் உள்ள திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு 1968இல் தொடங்கியது. அன்று இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால் இது செங்கல்பட்டு ஆய்வு எனப்படுகிறது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காச நோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளியானது. எனினும் குழந்தைகளைக் கடுமையான காச நோயிலிருந்து காப்பதால் பி.சி.ஜி. இன்றும் இடப்படுகிறது.

அழற்சி நோய்கள்

முடக்கு வாதத்தில் டி.என்.எஃப். மிகுதியாகச் சுரந்து மூட்டுகளைச் சிதைக்கிறது. கிரோன் நோயில் குடலைப் புண்ணாக்குகிறது. இதனைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அம்மருந்தைப் பெற்ற 70 பேருக்குக் காச நோய் ஏற்பட்டதாக 2001இல் ஓர் ஆய்வறிக்கை தெரிவித்தது. மூட்டைக் காக்கத் தடுக்கப்பட்ட புரதமே நுரையீரலில் கிருமியை அடக்கி வைத்திருந்தது.

எனவே இவ்வகை மருந்துகளைத் தொடங்கும் முன் மார்பு எக்சு-கதிர்ப் படமும், மான்டூ சோதனை அல்லது அதற்கு இணையான இரத்தச் சோதனையும் செய்யப்படுகின்றன. உள்ளுறை தொற்று இருப்பின் முதலில் ஐசோனியசிட் போன்ற தடுப்பு மருந்து தரப்படும். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் இந்நோயாளிகளைத் தடுப்பு மருந்துக்கு உரியோராகக் கொள்கின்றன.

இவற்றையும் பார்க்க

* காச நோய்
* நோய் எதிர்ப்பாற்றல்
* முடக்கு வாதம்