மிகைபுனைவு முன்னோடிகள் (கடலூர், சிதம்பரம் வட்டாரம்)

தமிழில் மிகைபுனைவும் அறிவியல் புனைகதையும் வளர்ந்த வரலாற்றில் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. புதுமைப்பித்தன் பிறந்தது கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில். மௌனி வாழ்ந்து மறைந்தது சிதம்பரத்தில். புதுவையை விட்டு வெளியே வந்த பாரதி அடைபட்டது கடலூர்ச் சிறையில். இந்த வகை எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுஜாதாவிடமிருந்து தொடங்குகிறார்கள். அந்தத் தொடக்கத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னே தள்ளி வைக்க வேண்டும்.

பழைய வேர்கள்

கி.பி. 458இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் பிராகிருத நூலை எழுதி முடித்தார். உலகங்களின் அடுக்குகளையும் அளவுகளையும் சொல்லும் நூல் அது. மூலம் கிடைக்கவில்லை, பிற்காலச் சமஸ்கிருத வடிவமே எஞ்சியிருக்கிறது. சுழியத்தை இடமதிப்போடு கையாண்ட, காலம் தெரிந்த மிகப் பழைய நூல்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது. நூல் பிறந்த பாடலிகா என்ற ஊர் இன்றைய திருப்பாதிரிப்புலியூரே என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அதே ஊர்ச் சமண மடத்தில் தருமசேனராக இருந்த அப்பர், பின்னாளில் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு, மிதந்து கரையேறியதாகப் பெரிய புராணம் சொல்கிறது. கரையேறவிட்ட குப்பம் என்ற ஊர்ப்பெயரில் அந்தக் கதை இன்றும் வழங்குகிறது.

காப்பியங்களில் இன்னும் துணிச்சலான கற்பனைகள் உண்டு. ‘சீவக சிந்தாமணி’யில் கருவுற்ற அரசி விசயை, கைவினைஞன் செய்த மயிற்பொறியில் ஏறி வானத்தில் தப்பிச் செல்கிறாள். மந்திரத்தின் துணையில்லாமல், விசையைத் திருகினால் பறக்கும் பொறியாக அதைத் திருத்தக்கதேவர் படைத்தது கவனத்துக்குரியது.

பாரதி

உரைநடையில் முதலில் சொல்ல வேண்டியது 1910இல் நூலாக வந்த பாரதியின் ‘ஞானரதம்’. திருவல்லிக்கேணி வீட்டில் சாய்ந்திருக்கும் ஒருவன் மனத்தையே தேராக்கிக் கந்தர்வ லோகம், சத்திய லோகம் என உலகம் உலகமாகப் போய்வருகிறான். நாட்டின் மற்ற மூலைகளிலும் அந்தக் காலத்தில் இதே வேட்கை இருந்தது. கூந்தல் எண்ணெயால் புயல் அடங்கும் கதையை வங்காளியில் ஜகதீஷ் சந்திர போஸ் 1896இல் எழுதினார். பெண்கள் ஆளும், சூரிய வெப்பத்தால் இயங்கும் நாட்டைக் கண்ட ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில்தான் முதலில் வெளியானது. ‘ஞானரதம்’ எழுதிய பாரதியை இந்த வட்டாரத்தோடு இணைப்பது அவரது சிறைவாசம்: புதுவையை விட்டு வெளியேறியபோது 1918 நவம்பர் 20 அன்று கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூரில் சிறையிருந்தார்.

புதுமைப்பித்தன் (1906–1948)

இவரே இந்த வரலாற்றின் நடுநாயகம். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயருடைய இவர், தாசில்தாராக இருந்த தந்தையின் உத்தியோகத்தால் 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். இளமையின் தொடக்கம் தென்னார்க்காட்டு ஊர்களில் கழிந்தது. பிறகு குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. மேரி ஷெல்லி எழுதி 1818இல் வெளியான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை இவர் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தார். உலக அறிவியல் புனைகதைக்கே தாய் என்று பலர் போற்றும் நாவல் இவர் கைவழியாகத் தமிழுக்கு வந்தது பெரும்பேறு.

சொந்தக் கதைகளில் அவர் போன தூரம் இன்னும் அதிகம். ‘கட்டில் பேசுகிறது’ கதையில் மருத்துவமனைக் கட்டில் வாய் திறக்கிறது. ‘காலனும் கிழவியும்’ கதையில் எமன் ஒரு கிழவியிடம் தோற்றுத் திரும்புகிறான். ‘கபாடபுரம்’ கடல்கொண்ட பாண்டிய நகருக்குள் இறங்குகிறது. ‘காஞ்சனை’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகிய மூன்றும் 1943ஆம் ஆண்டிலேயே ‘கலைமகள்’ இதழில் வந்தவை. தமிழ் மிகைபுனைவுக்கு அதைவிடச் செழிப்பான ஆண்டு வேறில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ‘காஞ்சனை’யில் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் பேயா பெண்ணா என்பது கடைசிவரை தீர்வதில்லை, வாசகனின் அச்சம் அந்தத் தீராமையிலேயே வளர்கிறது.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னை பிராட்வே முனையில் தோன்றித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார், காபி குடிக்கிறார், பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கட்டுகிறார். பிறகு திவான் பகதூர் ஒருவரின் வீட்டில் ஆடிக் காட்டுகிறார். கலை ரசிகர் என்று பெயரெடுத்த திவான் பகதூருக்கு அந்த ஆட்டம் சாஸ்திரத்துக்கு ஒவ்வாததாகப் படுகிறது. கூத்தப்பெருமான் ஆடும் தில்லை வட்டாரத்தில் பிறந்தவர் எழுதிய கதை இது என்பதை நினைத்துப் படித்தால் அந்தக் காட்சியின் கனம் கூடுகிறது.

மௌனி (1907–1985)

மணி என்ற இயற்பெயருடைய இவர் செம்மங்குடியில் பிறந்து, கணிதத்தில் பட்டம் பெற்று, கும்பகோணத்தில் சில காலம் இருந்தபின் சிதம்பரத்தில் குடியேறினார். ‘மணிக்கொடி’யை நடத்திய பி. எஸ். ராமையா 1936இல் இவருக்கு மௌனி என்ற பெயரைச் சூட்டிக் கதைகளை வெளியிட்டார். வாழ்நாளில் எழுதியவை ஏறத்தாழ இருபத்து நான்கு கதைகளே. புதுமைப்பித்தன் இவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார்.

மௌனியை மிகைபுனைவாளர் வரிசையில் வைப்பதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். இவர் கதைகளில் வேறு உலகமும் இல்லை, பேயும் இல்லை. ஆனால் ‘அழியாச்சுடர்’ கதையில் கோயில் தூணின் யாளி உயிர்பெற்று எழுவதாக ஓர் இளைஞன் உணரும் கணத்தில், நனவின் எல்லை கலைந்துவிடுகிறது. ‘பிரபஞ்ச கான’த்தில் ஒரு பெண்ணின் பாட்டும் இயற்கையின் நாதமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காலமும் வெளியும் நாம் நம்பும்படி நிலையானவைதானா என்ற கேள்வியே இவருடைய களம். அறிவியல் புனைகதை எழுப்பும் கேள்வியும் அதுதான். கணிதம் படித்த மனம் சங்கீதத்தில் தோய்ந்தபோது பிறந்த எழுத்து என்று இதைக் கொள்வது பொருந்தும்.

பின்வந்தோர்

வேற்றுக்கிரகவாசிகள் இசை கற்பிக்க ஒரு பெண்ணைப் பூமியிலிருந்து கடத்திச் செல்லும் ‘கலை அரசி’ படம் எம். ஜி. ஆர். நடிப்பில் 1963இல் வந்தது. இதழ் வாசகரிடம் அறிவியல் புனைகதையைப் பரவலாக்கியவர் சுஜாதா. மின்னணுப் பொறியாளரான அவர் ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’, 2021ஆம் ஆண்டில் நிகழ்வது. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, அரசியலும் பேசுகிறது.