ஹோஸ்ட் குடும்பம்: அமெரிக்கப் பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டங்களில்

வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பள்ளி மாணவரை ஒரு கல்வியாண்டோ அரையாண்டோ தன் வீட்டில் தங்கவைத்து, உணவளித்து, பொறுப்பேற்றுக்கொள்ளும் குடும்பம் ஹோஸ்ட் குடும்பம் எனப்படும். இவ்வழக்கம் பல நாடுகளில் உண்டு. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது பெரும்பாலும் வாரக் கட்டணத்துக்குக் கிடைக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஏற்கும் குடும்பங்களோ பணம் பெறுவதில்லை. வருமான வரிக் கணக்கில் நன்கொடையாக மாதத்துக்கு 50 டாலர் வரை கழித்துக்கொள்ள இடமுண்டு, அவ்வளவுதான். பணம் பெறாமையே இந்த முறையின் உயிர்நாடி. கூலி இல்லாமல் ஒரு வீடு அந்நியப் பிள்ளைக்குத் திறக்கிறது. அதனாலேயே அங்கே உறவு உண்டாகிறது, அதனாலேயே கண்காணிப்பும் கட்டாயமாகிறது.

இதன் தொடக்கம் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில். டொனால்ட் வாட் என்னும் அமெரிக்கர் 1932-ல் தம் நாட்டு இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச்சென்று, அங்குள்ள இளைஞர்களோடு முகாமில் தங்கவைத்துப் பார்த்தார். எதிர்பார்த்த நெருக்கம் வரவில்லை. பிறகு அவர்களைக் குடும்பங்களில் தங்கச் செய்தார். அதுவே ‘எக்ஸ்பெரிமெண்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ அமைப்பின் அடிப்படை முறையாக நிலைத்தது. பின்னாளில் அமெரிக்காவின் ‘பீஸ் கார்ப்ஸ்’ தன்னார்வ அமைப்பின் முதல் இயக்குநரான சார்ஜென்ட் ஷ்ரைவர், இளமையில் இதன்வழி ஜெர்மனி சென்றவர்.

ஏ.எஃப்.எஸ். அமைப்பின் வரலாறு இன்னும் நெகிழ்ச்சியானது. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களைச் சுமந்த அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பு அது. இரண்டாம் உலகப் போரும் முடிந்தபின், தலைவர் ஸ்டீபன் கலாட்டியும் ஓட்டுநர்களும் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கினார்கள். 1947-ல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்தார்கள். போர்க்களத்தைக் கண்ணால் கண்டவர்கள் தொடங்கிய வேலை என்பதை மறந்துவிட்டு இத்திட்டங்களை வெறும் கல்விச் சுற்றுலாவாகப் பார்ப்பது தவறு.

1961-ல் நிறைவேறிய ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் இத்தகைய பரிமாற்றங்களுக்குச் சட்ட அடித்தளம் தந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் பெயரில் முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கான முழு உதவித்தொகைத் திட்டம் 2002-ல் உருவானது. இந்திய மாணவர்களும் அதில் சென்றிருக்கிறார்கள்.

ஜே-1 பள்ளித் திட்டத்தின் விதிகளின்படி, மாணவரின் வயது 15 முதல் பதினெட்டரைக்குள் இருக்க வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படும். மாணவருக்குத் தனிக் கட்டில் தர வேண்டும். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதந்தோறும் மாணவரோடும் குடும்பத்தோடும் பேச வேண்டும். உறவினர் வீட்டில் தங்கவும் இத்திட்டத்தில் அனுமதி இல்லை. நியூஜெர்சியில் சித்தப்பா இருக்கிறார், அங்கேயே தங்கட்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் தெரிந்த வீட்டிலேயே இருந்துவிட்டால் இந்தப் பயணத்தின் நோக்கமே போய்விடும்.

இவ்விதிகளில் சில பட்ட பாட்டிலிருந்து பிறந்தவை. 2009-ல் பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் பகுதியில் பரிமாற்ற மாணவர்கள் சிலர் வசிக்கத் தகாத வீடுகளில், போதிய உணவின்றி இருந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை விதிகளை இறுக்கியது. வீட்டின் புகைப்படங்களைப் பதிவு செய்வதும் கட்டாயமானது. தாய்மண்ணிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி, தங்கும் வீட்டுக்காரர் தயவிலேயே இருக்கும் பிள்ளை எளிதில் வாய் திறந்து குறை சொல்லாது. ஆகவே மாதாந்தர உரையாடலை வெறும் சடங்காக்கும் ஒருங்கிணைப்பாளர் தன் கடமையில் தவறுகிறார்.

வீட்டுக்குள் முதலில் இடறுவது சாப்பாட்டில்தான். நம் வீடுகளில் முதல்முறை வேண்டாம் என்றால் அது மரியாதை. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று வற்புறுத்துவது அன்பு. அமெரிக்க வீட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுமுறை கேட்பது பிள்ளையின் விருப்பத்தில் தலையிடுவதாகக் கருதப்படும். பசித்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். பிறர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூசி நம் பிள்ளைகள் பட்டினியாகப் படுப்பதுண்டு. சைவமா, முட்டை உண்டா, மாட்டிறைச்சி கூடாதா என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. பாத்திரம் துலக்குவது, தன் துணியைத் தானே துவைப்பது, குறித்த நேரத்துக்குள் வீடு திரும்புவது எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள கடமைகளே. அவற்றைச் செய்யச் சொன்னால் அது அவமதிப்பு அல்ல, வீட்டில் ஒருவராக எண்ணுவதன் அடையாளம். தினமும் மணிக்கணக்கில் ஊருக்கு வீடியோ காலில் பேசுவதை அமைப்புகள் ஊக்குவிப்பதில்லை. தொடக்க வாரங்களின் உற்சாகம் வடிந்து ஏக்கம் பிடிக்கும்போது, எதிரே இருக்கும் மனிதர்களிடம் பேசினால்தான் அது ஆறும்.

இந்த உறவு எவ்வளவு ஆழமாகலாம் என்பதற்கு, துயரமானதாயினும், ஜப்பானிய மாணவர் யோஷிஹிரோ ஹட்டோரியின் கதையே சான்று. ஏ.எஃப்.எஸ். வழியாக லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் தங்கிப் படித்த அந்த 16 வயதுச் சிறுவன், 1992 அக்டோபர் 17 அன்று ஹோஸ்ட் குடும்பத்துப் பையனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப்போய், அவ்வீட்டுக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் குற்றவியல் வழக்கில் விடுதலையானார். ஜப்பானில் துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரிய மனுவில் 17 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 1993-ல் அவனது பெற்றோர் அதிபர் கிளிண்டனைச் சந்தித்தார்கள். ஹோஸ்ட் பெற்றோரான ரிச்சர்ட், ஹோலி ஹேமேக்கரும் அந்தக் கோரிக்கைக்காக அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். பெற்றவர்களுக்கும் பொறுப்பேற்றவர்களுக்கும் இடையே பழி முளைத்திருக்கலாம்; முளைக்கவில்லை. மகன் நினைவாக அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு அழைத்து வர ஹட்டோரி பெற்றோர் நிதி ஒன்றையும் ஏற்படுத்தினார்கள்.

பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பயணத்துக்கு முன்பே தங்கும் குடும்பம் முடிவாகி, அதைப் பற்றிய விவரம் மாணவரின் கைக்கு வர வேண்டும் என்பது அமெரிக்க விதி. வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நிறுவனத்தோடு பிள்ளையை அனுப்பாதீர்கள்.