கற்போரும் கைத்தொழிலும்: பருத்திக்குன்றம் முதல் பட்டுத்தறி வரை

கல்வி வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கழகங்களையும் ஆசிரியர்களையும் புரவலர்களையுமே எண்ணிக் கூறுவர். கற்க வந்தவன் யாது பெற்றான், யாது பட்டான், கற்று முடித்தபின் யாதாயினான் என்னும் வினாக்கள் பின்னிடப் பெறுகின்றன. தொழிற்கல்வி வரலாற்றில் இக்குறை மிகுதி. காஞ்சி மாநகரையும், அதனை அடுத்து வேகவதிக் கரையில் சினகாஞ்சி எனப் பெயர்பெற்று விளங்கும் திருப்பருத்திக்குன்றத்தையும் நிலைக்களனாகக் கொண்டு, மாணாக்கர் நோக்கில் இவ்வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

காஞ்சியில் கற்க வந்த ஒருவனது பட்டறிவைக் கூறும் பழஞ்சான்று கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டினதாகிய அது, மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மருடன் காஞ்சிக் கடிகைக்கு வந்த செய்தியைத் தெரிவிக்கின்றது. அங்குப் பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு பூசல் விளைந்தது. மயூரசர்மன் கல்வியைக் கைவிட்டு வாளேந்திக் கதம்ப அரசை நிறுவினான். மாணாக்கன் ஒருவனது மனக்குறை கல்லில் ஏறியதற்கு, அவன் வழியினர் முடிமன்னர் ஆயினமையே காரணம் என்பதை யாம் மறத்தலாகாது.

திருப்பருத்திக்குன்றத்துக் கல்வெட்டுக்கள் இதற்கு மறுதலையான காட்சியைத் தருகின்றன. இங்கு வாழ்ந்த மல்லிசேனரின் மாணாக்கர் புட்பசேனர். அப்புட்பசேனரைத் தம் ஆசிரியராகக் கொண்ட விசயநகரத் தண்டநாயகர் இருகப்பர், அவர் சொற்படி கி.பி. 1387-88இல் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தார். நேற்றைய மாணாக்கர் இன்றைய ஆசிரியராய் உயர்ந்து, தம் மாணாக்கரைக்கொண்டு ஒரு பணியை நிறைவேற்றுகின்றார். கல்வி தன் எல்லையை எய்தியமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அம்மண்டபத்தின் விதானத்தில் இருடபதேவர் வரலாறு ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. சமண மரபின்படி வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழிலையும் மாந்தர்க்கு முதன்முதற் கற்பித்தவர் அவரே. கைத்தொழிலை எழுத்தோடும் கலையோடும் ஒருநிரையில் வைத்து எண்ணிய மரபு இது.

ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் இலக்கணமாக வகுத்த நன்னூலாரும் சமணரே. பவணந்தியார் மாணாக்கரை மட்டும் தரம்பிரித்து அமையவில்லை. ஆசிரியர் ஆகாதாரையும் உவமை காட்டி விலக்கினார். அவ்வுவமைகளுள் ஒன்று பருத்திக்குண்டிகை. குடுக்கையுள் அடைத்த பஞ்சு சிறிது சிறிதாகவே வெளிவருதல்போல, அரிதின் முயன்று சிறிது சிறிதாகவே கற்பிப்பவன் ஆசிரியன் ஆகான் என்பது கருத்து. நூற்கல்விக்கு உரைத்த இவ்வுவமை கைத்தொழிற் கல்விக்கு மிகப் பொருந்துவதாதலை இனிக் காண்பாம்.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தனவாக, இரண்டும் இழையோடு இழை பிணைந்து நிற்பது அது. உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் இயங்குதல் வேண்டும். இதற்கு நெசவாளியின் பக்கத்தே அமர்ந்து கரைநாடா வீச உதவியாள் ஒருவர் தேவை. அவ்விருக்கையே பலர்க்கு முதற் பள்ளியாயிற்று. தார் சுற்றுதல், அறுந்த இழையை முடிதல், கரைநாடா வீசுதல் என்பன தொடக்கப் பாடங்கள். பாவு பிணைத்தல், முந்திப் பாவை உடற்பாவோடு இணைத்தல், முழுச் சேலையையும் பொறுப்பேற்று நெய்தல் என்பன முடிவுப் பாடங்கள்.

தொடக்கப் பாடங்கள் தறியுடையார்க்கு நாள்தோறும் ஊதியம் தருவன. முடிவுப் பாடங்களோ கற்பவர்க்கே பெரும்பயன் தருவன. தந்தை மகனுக்குக் கற்பிக்குமிடத்து இவ்விரு பயனும் ஓரில்லத்திலேயே சேர்தலின் முரண்பாடு இல்லை. பிறர் தறியில், பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகச் சிறுவன் அமர்ந்தவிடத்து, கற்பித்தலை நீட்டித்தலே ஆசிரியனுக்கு ஆதாயமாகின்றது. பருத்திக்குண்டிகை ஈண்டு இயல்பின் குறையன்று. வாணிக முறையே ஆகிவிடுகின்றது.

அரசு வகுத்த தொழிற்கல்வியின் வழி வேறு. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் அண்டர் தொடங்கிய கலைத்தொழிற் பள்ளியை 1855இல் அரசு ஏற்றது. 1906இல் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் கைத்தறி நெசவுச்சாலை ஒன்றை அமைத்தார். மேம்பட்ட தறிகளைக்கொண்டு ஒரே கூரையின்கீழ் நெய்வித்துக் காண்பது அவர் நோக்கம். மனைவி மக்கள் துணையோடு தத்தம் இல்லத்தில் நெய்து பழகிய நெசவாளர்க்கு மணிக்கணக்கு ஒழுங்கு உவப்பளிக்கவில்லை. அரசு நேரே தொழில் நடத்துதலை இந்தியச் செயலர் மார்லி ஏற்காமையின் 1910இல் அச்சாலை மூடப்பெற்றது. பின்னர் அதே சேலத்தில் 1960இல் கைத்தறித் தொழில்நுட்பப் பயிலகம் தோன்றியது. அங்குக் கற்பவர்க்கு மூன்றாண்டு என்னும் எல்லையும், பாடத்திட்டமும், பட்டயமும் உண்டு. இல்லத்துத் தறி தரும் கைப்பழக்கம் முழுவதையும் மூன்றாண்டுப் பாடம் தருதல் அரிது. ஆயினும் எல்லை வகுத்தல் என்னும் ஒன்றே மாணாக்கனுக்குப் பெருங்காப்பு.

அவ்வெல்லை இல்லாவிடத்து விளைவதைச் சட்ட வரலாறு காட்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவை உள்ளிட்ட சில தொழில்களில் சிறுவரை அமர்த்துதலை விலக்கியதோடு, குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கும் அரசு ஏற்பு உடைய பள்ளிக்கும் விதிவிலக்கு அளித்தது. கற்றல் எது, கூலிவேலை எது என்று பகுத்தலின் அருமையை இவ்விதிவிலக்கே உணர்த்தும். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, காஞ்சித் தறிகளில் முன்பணத்திற்குக் கட்டுண்டு உழைத்த சிறுவர் வாய்மொழிகளையும் பதிந்தது. அரசன் வழியினன் அல்லாத மாணாக்கன் தன் குறையைத் தானே கூறிய சான்று என்னும் வகையில், தாளகுண்டாக் கல்வெட்டின் பக்கத்தே வைத்து எண்ணத்தக்கது அது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதிற்குட்பட்டோரைப் பணியமர்த்துதலை அறவே விலக்கி, பள்ளி நேரத்திற்குப்பின் குடும்பத் தொழிலில் துணைபுரிதலை விடுத்தது.

இவற்றால் யாம் துணியும் முடிபு இது: தொழிற்கல்வி நல்லதா தீயதா என்பதை, இல்லத்துத் தறியா அரசுப் பயிலகமா என்னும் இடவேறுபாடு உறுதிசெய்யாது. கற்பவன் கல்வியின் எல்லையை முன்னரே அறிந்துள்ளானா, முடிவுப் பாடம் அவனுக்குக் கிட்டுகின்றதா, தனித்தறி போட்டுப் பிறர்க்குக் கற்பிக்கும் நிலையை அவன் எய்துகின்றானா என்னும் மூன்றுமே அளவுகோல். மல்லிசேனரிடம் கற்ற புட்பசேனர் ஆசிரியரானார். கரைநாடா வீசவந்த சிறுவனும் சேலை முழுவதையும் நெய்யும் கைவல்லோன் ஆதல் வேண்டும். ஆகாது நின்றவிடத்து, அங்கு நிகழ்ந்ததைக் கல்வி என்று வழங்குதல் வழுவாம்.