மண்ணைப் பேணிய தோட்டமும் மண்ணற்ற தொழிலாளரும்: மலாயாத் தோட்டப்புற வேளாண் வரலாற்றில் ஒரு நோக்கு

முன்னுரை

வேளாண்மை, இயற்கை, ஊரக மக்களின் வாழ்வாதாரம் ஆகிய மூன்றையும் ஒரே நிலப்பரப்பில் இணக்கமாக நிலைபெறச் செய்வது எவ்வாறு என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதொரு களமாக மலேசியத் தோட்டப்புறம் விளங்குகின்றது. எனினும், தோட்டப்புற வரலாற்றை எழுதியோர் இரு திறத்தினராகப் பிரிந்தே நின்றனர். தமிழர் வரலாற்றை எழுதியோர் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம் ஆகியவற்றிலும், வேளாண் வரலாற்றை எழுதியோர் மரம், மண், விளைச்சல் ஆகியவற்றிலும் பெரிதும் கருத்தைச் செலுத்தினர். இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகின்றது. தோட்ட நிருவாகம் மண்ணைப் பேணுவதற்குக் காலப்போக்கில் கற்றுக்கொண்டது. அம்மண்ணில் உழைத்தோர்க்கு அதில் நிலையான இடம் அளிப்பதற்குக் கற்றுக்கொள்ளவில்லை. இக்கருத்தினையே நாம் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

காடு தோட்டமானமை

இரப்பருக்கு முன்பே தீவகற்பத்தின் காடுகள் வாணிகப் பயிர்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனர்கள் காம்பியரையும் மிளகையும் பயிரிட்டனர். காம்பியர் இலைகளைக் காய்ச்சுவதற்கு விறகு மிகுதியாகத் தேவைப்பட்டமையால் அருகிலிருந்த காடு அழிந்தது. மண் வளம் குன்றியதும் பயிரிட்டோர் வேறிடம் பெயர்ந்தனர். மலாக்காவில் மரவள்ளிச் சாகுபடியும் இவ்வாறே நிலத்தைச் சோர்வுறச் செய்தது. கைவிடப்பட்ட நிலங்களை லாலாங் புல் மூடியது.

1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்திற்குக் கேடு நேராவண்ணம் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் இரப்பரை வாணிக நோக்கில் நட்டார். மோட்டார் வாகனத்தின் பெருக்கத்தால் 1910இல் இரப்பர் விலை உச்சத்தை எட்டியது. தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஒப்பந்த முறையிலும், அது 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையிலும் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். இந்திய அரசு 1938இல் விதித்த தடையால் அவ்வரவும் நின்றது.

இதே காலத்தில் நிலம் சட்டத்தால் பகுக்கப்பட்டது. 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும், நெல் வயல்களில் பிற பயிர் இடுவதைக் கட்டுப்படுத்திய 1917ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. நெல் மலாய்க் கிராமத்திற்கும், ஏற்றுமதிப் பயிர் பெரிதும் தோட்டத்திற்கும், காடு வனத்துறைக்கும் என மூன்று உலகங்கள் அருகருகே அமைந்தன. பேராக் மாநிலத்தின் கிரியான் பகுதியில், 1906இல் நிறைவுற்ற நீர்ப்பாசனத் திட்டத்தின்கீழ் நெல் விளைவித்த தமிழரும் இருந்தனர். ஆயினும் அது விதிவிலக்கே. பெரும்பான்மைத் தமிழர் நிலத்தில் வாழ்ந்தும் நிலமற்றோராயினர்.

களையெடுப்பும் மண்ணரிப்பும்

தொடக்ககாலத் தோட்டங்களில் ஒரு புல்லும் முளைக்காவண்ணம் தரையைத் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல நிருவாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. லாலாங் பற்றிய அச்சமும், களைகள் மரத்தின் உணவைக் கவரும் என்னும் நம்பிக்கையும் இதற்குக் காரணங்கள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தமையே இதனை நடைமுறையில் இயலச் செய்தது. பெண்களும் முதியோரும் நாள்தோறும் கொத்திச் சீவிய தரையில் வெப்பமண்டலப் பெருமழை நேராக விழுந்தது. மேன்மண் சரிவுகளிலிருந்து கழுவுண்டு ஓடைகளைத் தூர்த்தது. மலிவான உழைப்பே மண்ணின் அழிவுக்குக் கருவியாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

1925இல் மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. 1920களின் பிற்பகுதி தொட்டு மண்காப்பு முறைகள் பரவலாயின. சரிவுகளில் படிவரப்புகள் வெட்டப்பட்டன. நீரோட்டத்தைத் தடுக்கும் குழிகள் தோண்டப்பட்டன. பியூரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா முதலிய அவரைக் குடும்பக் கொடிகள் மூடுபயிராக விதைக்கப்பட்டன. இவை மழையின் வேகத்தைத் தாங்கியதோடு காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்த்தன.

சிறுதோட்டக்காரர் நிலங்களோ வேறுவகையின. மரங்கள் நெருக்கமாக நடப்பட்டன, அடர்ந்த நிழல் மண்ணைக் காத்தது, களையெடுப்பு குறைவு. ஒழுங்கற்ற தோட்டங்கள் என இகழப்பட்ட அவை விளைச்சலில் பின்தங்கவில்லை என்பதை 1930களின் ஆய்வாளர் உணர்ந்தனர். நெல்லும் பழமரங்களும் உடனிருந்தமையால், விலை வீழ்ந்த காலத்திலும் சிறுதோட்டக்காரர் பலரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. பயிர்க்கலப்பே அவர்களுக்குக் காப்பாயிற்று எனலாம்.

லயத்தின் பின்புறத் தோட்டம்

தோட்டத் தொழிலாளரிடமும் இத்தகையதொரு கலப்பு வேளாண்மை இருந்தது. குடும்பமுடைய தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மேய்ச்சலுக்கோ ஒதுக்க வேண்டுமெனப் போருக்கு முந்திய தொழிலாளர் சட்டக்கோவை விதித்தது. இஃது ஏறத்தாழ 2,700 சதுர அடி. லயத்தின் பின்புறத்தில் முருங்கை, கத்தரி, வெண்டை, கீரை, வாழை ஆகியன விளைந்தன. ஆடு, மாடு, கோழி வளர்ப்பும் உடனிருந்தது. மாட்டெரு காய்கறிக்கு உரமாயிற்று. பால் அண்டை வீட்டாருக்கும் ஊராருக்கும் விற்கப்பட்டது. எனினும், அந்நிலம் தொழிலாளிக்கு உரிமையன்று. வேலை உள்ளவரைக்குமான சலுகையே.

1930களின் தொடக்கத்தில் ஏற்பட்ட பொருளாதார மந்தம் இச்சலுகையின் எல்லையைக் காட்டியது. வேலையிழந்த பல்லாயிரவர் இந்தியாவிற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வேலையோடு வீடும் கொல்லையும் போயின. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இறக்குமதி தடைப்பட்டபோது, மரவள்ளிக் கிழங்கே உயிர்காக்கும் உணவாயிற்று. ஏற்றுமதிக்காகவே அமைந்த நிலப்பரப்பு தன்னில் வாழ்வோர்க்கே உணவளிக்க இயலாமற் போனதை அப்பஞ்சம் உணர்த்தியது. அக்காலத்தில் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பலர் திரும்பவேயில்லை.

மாடுகளின் வரலாறும் நோக்கத்தக்கது. களைகொல்லியாகத் தெளிக்கப்பட்ட சோடியம் ஆர்சனைட்டு கால்நடைகளுக்குக் கொடிய நஞ்சாக அமைந்தது. தொழிலாளரின் மாடுகள் இளங்கன்றுகளை மேய்வதால் நிருவாகங்கள் அவற்றைத் தொல்லையெனவும் கருதின. ஆனால் 1970களில் இரப்பர் மரங்களின்கீழ் செம்மறியாடுகளை மேயவிடும் முறையை ஆய்வுக் கழகம் ஆராயத் தொடங்கியது. பின்னர்ச் செம்பனையின்கீழ் மாடு வளர்ப்பதும் ஊக்குவிக்கப்பட்டது. லயத்து மக்கள் நெடுங்காலம் செய்துவந்தது, அறிவியலின் பெயரால் மீண்டும் வந்தது.

நிலவுரிமைக்கான முயற்சி

1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றமையால் தொழிலாளர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். இதற்கு மறுமொழியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே அவற்றுள் முதலாவது. தொழிலாளரை நிலவுடைமையில் பங்காளராக்கிய அரிய முயற்சி இதுவேயாகும்.

1956இல் நிறுவப்பட்ட பெல்டா, காட்டுநிலங்களைத் திருத்திக் குடும்பம் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் என்னும் அளவில் குடியேற்றங்களை அமைத்தது. அவற்றில் குடியேறியோருள் மலாய்க்காரரே மிகப் பெரும்பான்மையினர். நிலமற்ற ஊரக ஏழைக்கு நிலமளித்த அத்திட்டம், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நிலமற்றோரைப் பெரிதும் எட்டவில்லை.

செம்பனைக் காலம்

1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வாணிகப் பயிரான செம்பனை, 1960களுக்குப் பின் இரப்பரின் இடத்தை வேகமாகக் கைப்பற்றியது. இயற்கையோடு இணங்கும் பாடங்கள் சிலவற்றை இப்பயிர் கற்பித்தது. தொடர்ந்து நஞ்சு தெளித்தமையால் கூட்டுப்புழுக்களின் இயற்கைப் பகைவர்கள் அழிந்து அப்புழுக்கள் பெருகியதும், தெளிப்பை நிறுத்தியபின் அவை தணிந்ததும் 1960களில் அறியப்பட்டன. எலிகளைக் கட்டுப்படுத்தக் கூகைகளுக்குக் கூண்டுகள் அமைக்கப்பட்டன.

1981இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட ஒரு சிறு வண்டு செம்பனைப் பூக்களில் மகரந்தச் சேர்க்கையைத் திறம்பட நிகழ்த்தியது, விளைச்சல் உயர்ந்தது. ஆனால் அதுவரை மகரந்தத்தைக் கையால் தூவிக் கூலி பெற்றோர் அவ்வேலையை இழந்தனர். இயற்கையின் துணையால் தோட்டம் பெற்ற ஆதாயத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. மூன்று கூறுகளுள் இரண்டு இணங்கி மூன்றாவது விடுபட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நஞ்சு தெளிக்கும் வேலையிலோ பெண்களே மிகுதியாக ஈடுபட்டனர். பாராகுவாட்டு என்னும் களைகொல்லிக்கு 2002இல் அறிவிக்கப்பட்ட தடை 2006இல் நீக்கப்பட்டு, 2020இல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1980களுக்குப் பின் தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறியபோது, தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோர் பலர் மாற்று வீடோ நிலமோ இன்றி நகரோரப் புறம்போக்குகளை அடைந்தனர். கால்நடையும் கொல்லையும் அந்நகரோரத்தில் பெரும்பாலும் தொடரவில்லை.

முடிவுரை

2004இல் நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு உருவாயிற்று. மலேசியாவின் சொந்தச் சான்றிதழ் முறை 2020 முதல் கட்டாயமாயிற்று. காடு, மண், நீர் ஆகியவற்றோடு தொழிலாளர் நலனையும் இவை அளவுகோலாகக் கொள்வது வரவேற்கத்தக்கது. எனினும், நலன் வேறு, உரிமை வேறு என்பதே தோட்டப்புற வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் நலனாகவே இருந்தது; ஆகவே அது நிலைக்கவில்லை. இன்று அறுவடைப் பணியில் பெரும்பங்கு வகிப்போர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோராவர். அவர்களும் வேலை உள்ளவரையே அம்மண்ணில் வாழ்கின்றனர். நம் முன்னோரின் நிலையில் வேறொரு மக்கள் நிற்பதை நாம் காண்கின்றோம். மண்ணை அடுத்த தலைமுறைக்குக் காத்தல் நீடித்த வேளாண்மையாயின், அதனைக் காப்போரின் அடுத்த தலைமுறைக்கு அம்மண்ணில் இடமுண்டா என்னும் வினாவும் அதன் இலக்கணத்தில் அடங்கியாக வேண்டும்.