வைட் ரிசீவர் தெரிவு (என். எஃப். எல். டிராஃப்ட்)

வைட் ரிசீவர் தெரிவு என்பது, அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் தொழில்முறை அமைப்பான நேஷனல் ஃபுட்பால் லீக்கின் (என். எஃப். எல்.) அணிகள், கல்லூரிகளில் விளையாடிய வைட் ரிசீவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, ஆண்டுதோறும் நடைபெறும் டிராஃப்டில் தெரிவு செய்வதைக் குறிக்கும். டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய வீரர்களைப் பெறும் நிகழ்வாகும். வைட் ரிசீவர்களைப் பொறுத்தவரை முன்கணிப்புகள் பலமுறை தவறியுள்ளதால், இத்தெரிவு ஒவ்வோர் ஆண்டும் பெரும் விவாதத்துக்கு உள்ளாகிறது.

டிராஃப்ட் முறை

செல்வ வளம் மிக்க அணிகளே சிறந்த வீரர்களைப் பெற்றுவந்த நிலையை மாற்ற, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் இம்முறையை முன்மொழிந்தார். முதல் டிராஃப்ட் 1936 பெப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவில் நடைபெற்றது. அதில் முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட ஜே பெர்வாங்கர் என். எஃப். எல்.லில் ஒருபோதும் விளையாடவில்லை.

முந்தைய பருவத்தில் மிகவும் பின்தங்கிய அணி முதலில் தெரிவு செய்யும். வாகையர் பட்டம் வென்ற அணி சுற்றின் இறுதியில் தெரிவு செய்யும். அணிகள் தமது தெரிவு உரிமைகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். 1994 முதல் டிராஃப்ட் ஏழு சுற்றுகளாக நடைபெறுகிறது. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் கழிந்தவர்களே இதில் இடம்பெற முடியும்.

ஒரு வீரரின் தொடக்க ஊதியம் அவர் தெரிவு செய்யப்பட்ட வரிசையைப் பொறுத்தது. 2010இல் முதலாவதாகத் தெரிவான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டது. 2011இல் புதுமுக வீரர்களின் ஊதியத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டபின், அவ்வாண்டு முதலாவதாகத் தெரிவான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 2.2 கோடி டாலராக அமைந்தது. எனினும் முதல் சுற்றுக்கும் பிந்தைய சுற்றுகளுக்கும் இடையே ஊதிய வேறுபாடு இன்றும் பெரிதாகவே உள்ளது. எனவே ஒப்பீட்டின் முடிவு அணிக்கு மட்டுமன்றி, அவ்வீரரின் வாழ்வுக்கும் முக்கியமானதாகும்.

வைட் ரிசீவரின் பணி

தாக்கும் அணியில் குவார்ட்டர்பேக் எனப்படும் வீரர் பந்தை முன்னோக்கி எறிவார். அதைப் பிடிப்பதே வைட் ரிசீவரின் முதன்மையான பணி. இவர் களத்தின் பக்கக் கோட்டை ஒட்டி நின்று, ஆட்டம் தொடங்கியதும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட தடத்தில் ஓடி, தம்மைத் தடுக்கும் வீரரிடமிருந்து விலகிப் பந்தைப் பெறுவார். எதிரணியின் இறுதி வலயத்தில் பந்தைப் பெற்றாலோ, பந்துடன் அங்கு நுழைந்தாலோ அது டச் டவுன் எனப்படும். இதற்கு 6 புள்ளிகள் வழங்கப்படும்.

ஒப்பிடும் முறைகள்

அணிகளின் தேர்வாளர்கள் கல்லூரி ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளைப் பார்த்து, தடத்தில் ஓடும் துல்லியம், பந்து பிடிக்கும் திறன், பந்தைப் பெற்றபின் ஓடும் ஆற்றல் ஆகியவற்றை மதிப்பிடுவர். இதனுடன் உயரம், எடை, கையின் நீளம் ஆகியனவும் அளக்கப்படுகின்றன.

டிராஃப்டுக்கு முன் நடைபெறும் கம்பைன் எனும் உடற்திறன் சோதனையில் 40 யார்டு (ஏறத்தாழ 36.6 மீட்டர்) ஓட்டம் பெருங்கவனம் பெறுகிறது. 2017இல் ஜான் ராஸ் இதனை 4.22 விநாடிகளில் ஓடிப் புதிய சாதனை படைத்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி அவரை 9ஆவதாகத் தெரிவு செய்தது. ஆனால் அவர் எந்தவொரு பருவத்திலும் 1,000 யார்டுகளை எட்டவில்லை. 2024இல் சேவியர் வொர்தி 4.21 விநாடிகளில் ஓடி அச்சாதனையை முறியடித்தார்.

குறிப்பிடத்தக்க ஒப்பீடுகள்

1985: ஆல் டூன் 10ஆவதாகவும் எடி பிரவுன் 13ஆவதாகவும் தெரிவு செய்யப்பட்டனர். சிறிய கல்லூரியான மிசிசிப்பி வேலி ஸ்டேட்டில் விளையாடிய ஜெரி ரைஸ் 16ஆவதாகவே தெரிவானார். அவரைப் பெறுவதற்காக சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணி தனது தெரிவுகள் சிலவற்றை விட்டுக்கொடுத்தது. அவ்வாண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதை எடி பிரவுன் பெற்றதால், முதற்பருவ முடிவில் ஒப்பீடு சரியென்றே தோன்றியது. ஆனால் ரைஸ் தம் ஆட்ட வாழ்வில் 22,895 யார்டுகளைப் பெற்று லீக்கின் சாதனையாளரானார்.

1998: கெவின் டைசன் 16ஆவதாகத் தெரிவு செய்யப்பட்டார். நடத்தை குறித்த ஐயங்களால் பல அணிகள் தவிர்த்த ராண்டி மாஸ் 21ஆவதாக மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை அடைந்தார். மாஸ் முதற்பருவத்திலேயே 17 டச் டவுன்களைப் பிடித்தார். இது புதுமுக வீரர்களுக்கான சாதனையாகும்.

2020: பிலடெல்பியா ஈகிள்ஸ் 21ஆவதாக ஜெய்லன் ரேகரைத் தெரிவு செய்தது. அடுத்த தெரிவிலேயே வைக்கிங்ஸ் ஜஸ்டின் ஜெஃபர்சனைப் பெற்றது. ஜெஃபர்சன் அப்பருவத்தில் 1,400 யார்டுகளும், 2022இல் லீக்கிலேயே மிகுதியாக 1,809 யார்டுகளும் பெற்றார். அதே 2022இல் ரேகரை ஈகிள்ஸ் அணி வைக்கிங்ஸுக்கே மாற்றிக் கொடுத்தது.

2021: பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ முந்தைய பருவத்தில் முழங்காலில் பலத்த காயமடைந்திருந்தார். எனவே 5ஆவது தெரிவில் அவரைக் காக்கும் தடுப்பு வீரரான பெனே சூவலைப் பெறுவதா, கல்லூரியில் அவருடன் விளையாடிய ஜமார் சேஸைப் பெறுவதா என்ற விவாதம் எழுந்தது. பெங்கால்ஸ் சேஸைத் தெரிவு செய்தது. அவர் 1,455 யார்டுகள் பெற, அணி சூப்பர் போல் வரை முன்னேறித் தோற்றது. அவ்விறுதி ஆட்டத்தில் பர்ரோ ஏழு முறை பந்துடன் வீழ்த்தப்பட்டார். 7ஆவதாக டெட்ராய்ட் லயன்ஸில் சேர்ந்த சூவலும் லீக்கின் சிறந்த தடுப்பு வீரர்களுள் ஒருவரானார். இவ்விவாதத்தில் இரு தரப்பும் தவறவில்லை எனலாம்.

பிந்தைய சுற்றுகளின் வீரர்கள்

2010இல் ஆறாம் சுற்றில் 195ஆவதாகத் தெரிவான அன்டோனியோ பிரவுன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்னணி வீரரானார். 2023இல் ஐந்தாம் சுற்றில் 177ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் தெரிவு செய்த பூக்கா நகூவா, முதற்பருவத்தில் 105 முறை பந்தைப் பிடித்து 1,486 யார்டுகள் பெற்றார். மாறாக, 2008இல் முதல் சுற்றில் ஒரு வைட் ரிசீவர் கூடத் தெரிவு செய்யப்படவில்லை.

கணிப்புகள் தவறுவதற்கான காரணங்கள்

வைட் ரிசீவரின் ஆட்டம் பிறரைச் சார்ந்தது. எறிபவர் திறமையற்றவராயின், பிடிப்பவரின் திறமை வெளிப்படாது. கல்லூரியில் எதிர்த்து ஆடும் தடுப்பு வீரர்களின் தரம் ஒரே அளவினதன்று. மேலும், நேர்க்கோட்டு வேகத்தை அளப்பது எளிது. தடுப்பு வீரரை ஏமாற்றித் திரும்பும் நுட்பத்தை அளப்பது கடினம்.

கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் ஆகியோர் டிராஃப்ட் குறித்து மேற்கொண்ட ஆய்வு, ஒரு வீரர் அதே ஆடுநிலையில் அவருக்கு அடுத்துத் தெரிவானவரை விடச் சிறப்பாக விளங்கும் வாய்ப்பு பாதியை விடச் சற்றே கூடுதல் எனக் காட்டியது. அணிகள் தமது மதிப்பீட்டின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை கொண்டு, முன்வரிசைத் தெரிவுகளுக்கு மிகுந்த விலை கொடுக்கின்றன என்பது அவர்களின் முடிவாகும். இதன்படி, ஒரே வீரருக்காகப் பல தெரிவுகளை இழப்பதை விட, கூடுதல் தெரிவுகளை வைத்துக்கொள்வதே பெரும்பாலும் பயனளிக்கும். எனினும் ரைஸைப் பெறத் தெரிவுகளை விட்டுக்கொடுத்த 49அர்ஸின் முடிவு இதற்கு விலக்காக அமைந்தது.

இவற்றையும் பார்க்கவும்

அமெரிக்கக் காற்பந்தாட்டம்
குவார்ட்டர்பேக்
சூப்பர் போல்