அளவும் அழகும்



பாரசீகத்துப் பழைய பள்ளிவாசல் சுவர்களில் செங்கல்லும் சுதையும் வண்ண ஓடுகளும் இணைந்து நட்சத்திரக் கோலங்களாக விரிவதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அவ்வழகின் அடித்தளம் கணிதமேயாகும்.

கி.பி. 940இல் குராசானில் பிறந்து, பக்தாதில் வாழ்ந்து, 998இல் மறைந்த கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியலைப் பற்றித் தனியொரு நூலே இயற்றினார். கணித அறிஞர்களும் கைவினைஞர்களும் கூடிய ஓர் அவையில் எழுந்த வினாவை அதில் பதிவு செய்துள்ளார்: சம அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எவ்வாறு?

அறிஞர்கள் விடையைக் கோடாக வரைந்தனர். வெட்டும் வழியைக் கூறவில்லை. கைவினைஞர்கள் வெட்டிக் காட்டினர்; கண்ணுக்குச் சரியாகத் தோன்றிய சில முறைகள் கணக்கில் பிழையாயின. 10 அங்குலச் சதுரங்களாயின் புதிய சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 17.32 அங்குலம் வேண்டும். அவர்களது முறையொன்றில் 17.07 அங்குலமே வந்தது. ஓர் ஓட்டில் கால் அங்குலம் கண்ணுக்குத் தப்பலாம். சுவர் முழுதும் அது பெருகிவிடுமன்றோ?

அபுல் வஃபா இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினார். கிடைத்த நான்கு முக்கோணங்களை மூன்றாம் சதுரத்தைச் சுற்றி அடுக்கி, அவற்றின் செங்கோண முனைகளைக் கோட்டால் இணைத்தார். கோட்டுக்கு வெளியே நின்ற துண்டுகள் உள்ளிருந்த இடைவெளிகளை அப்படியே நிரப்பின!

பெற்றோரே! கணக்கில் தேர்ந்த மகனைப் புகழ்கிறோம். படம் வரையும் மகளைக் கடிந்துகொள்கிறோம். கொத்தனாரின் கைத்திறனைத் தாழ்வாக எண்ணுகிறோம். அந்த மேதையோ கைவினைஞரின் கேள்விக்குத் தம் கல்வியைக் கொண்டு விடை தந்தார். அறிவையும் கைத்திறனையும் ஒருங்கே மதிக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.